நெட்டையன் சேர்த்த நாற்பது கற்கள்

ஒரு பெரிய ஏரியில் கூழைக்கடாக்கள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. பறக்கப் பழகும் இளசுகளுக்கு அங்கே ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. காற்றடிக்கும் நாளிலும் அடிக்காத நாளிலும் தன்னந்தனியாக மலைக் கணவாய் வரை பறந்து பழக வேண்டும். ஒவ்வொரு முறையும் போய்வந்ததற்கு அடையாளமாக அங்கிருந்து ஒரு கருங்கல்லைக் கொண்டுவர வேண்டும். நாற்பது கல் சேர்ந்ததும் ஏரியின் மூத்தவரான நாரையார் சோதனை வைப்பார். தேறினால் அலகில் செம்மண் முத்திரை கிடைக்கும். முத்திரை பெற்ற பறவைதான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கணவாயைத் தாண்டலாம்.

நெட்டையன் என்ற இளம் கூழைக்கடாவுக்கு அந்த முத்திரை மேல் கொள்ளை ஆசை. ஆனால் காற்று வீசும் நாளில் கணவாய்ப் பக்கம் போக அவனுக்குப் பயம். அதனால் காற்றில்லாத நாளாகப் பார்த்துப் போவான். அலகின் கீழே தொங்கும் பைக்குள் இரண்டு மூன்று கற்களைப் போட்டு வருவான். அன்றைக்கு ஒன்றைக் கரையில் எல்லோரும் பார்க்க வைப்பான். மிச்சத்தைக் கோரைப்புல்லில் ஒளித்துவைத்து, காற்று வீசும் நாட்களில் போய்வந்ததுபோல் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். சாமர்த்தியசாலி என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தான்!

அவன் தங்கை முத்தாள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"தப்பில்லையாண்ணே?" என்று கேட்டாள்.

"கல்லை எண்ணுறவங்க காத்தையா எண்ணப் போறாங்க?" என்று சிரித்தான் நெட்டையன்.

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நாற்பது கல் சேர்ந்தது. சோதனை நாளில் ஓர் இலைகூட அசையவில்லை; காற்றில் பறக்கவைத்துப் பார்க்க வழியில்லை. பலத்த காற்றில் எத்தனை முறை பறந்தாய் என்று நாரையார் கேட்டார். பதினைந்து முறை என்று நெட்டையன் கூசாமல் சொன்னான். கற்களை எண்ணிப் பார்த்துவிட்டு அவர் முத்திரையை வைத்தார். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏரி முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. மீன் இல்லை. முத்தாள் பசியில் துவண்டு போனாள். கணவாய்க்கு அப்பால் இருந்த ஏரியில்தான் தண்ணீர் இருந்தது. அம்மாவோ அடைகாத்துக்கொண்டிருந்தாள். முத்திரை வாங்கிய மகன் இருக்கும்போது என்ன பயம் என்று முத்தாளை அவனோடு அனுப்பிவைத்தாள்.

கணவாய்க்குள் நுழைந்ததும் பக்கவாட்டிலிருந்து காற்று அடித்தது. பழகிய பறவை உடனே பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி, இறங்கிக் காத்திருக்கும். நெட்டையனுக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நேராகப் பறந்தான். முத்தாளும் அப்படியே பின்தொடர்ந்தாள்.

"என்ன செய்யணும்ணே?" என்று கத்தினாள்.

அவன் கண்ணைத் திறக்காமலே இன்னும் வேகமாகச் சிறகடித்தான். அடுத்து வந்த காற்று இருவரையும் தூக்கி எறிந்தது. அவன் புதரில் விழுந்தான். அவள் பாறையில் மோதினாள்.

முத்தாளின் பக்கத்திலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான் நெட்டையன். அவள் எழுந்திருக்கவில்லை. காற்று ஓய்ந்ததும் தனியாக ஏரிக்குத் திரும்பினான். நடந்ததைக் கேட்ட அம்மா அழக்கூட இல்லை.

"காத்துல எப்படித் திரும்பணும்னு நீ அவளுக்குச் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கே தெரியாதும்மா" என்றான் நெட்டையன்.

கற்காததைக் கற்றதாகக் காட்டித் தகுதி பெறுகிறவன், தன்னை நம்பி வருகிறவர்களின் உயிரைப் பறித்துவிடுவான்.