வராதவரின் ஆட்டோ

கிருபாகரனுக்குப் பத்தொன்பது வயது, எசேக்கியலுக்கு இருபது. இதில் எசேக்கியல் குரு, கிருபாகரன் சீடன். சிரிக்காதீர்கள். மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் ஊழியத்துக்குப் புதிதாக வரும் பையனைப் பழக்கிவிட, அவனுக்குச் சற்று முன்னால் வந்த இன்னொரு பையனைத்தான் துணையாகப் போடுவார்கள். இருவருக்கும் எல்டர், அதாவது மூப்பர், என்றுதான் பட்டம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. வீட்டை விட்டு இரண்டு வருஷம். துணையை விட்டு ஒருவன் தனியாக எங்கும் போகக் கூடாது. குளியலறைக்கு மட்டும் விலக்கு உண்டு, அந்த மட்டில் புண்ணியம்.

இவர்களுக்கு வாய்த்த ஊர் ஈரோடு. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எசேக்கியல் குன்னூர்க்காரன். ராத்திரி ஜெபத்தில் அவன் முறை வந்தால் கிருபாகரனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஆண்டவரே, இன்னைக்குக் குழாயில தண்ணி வந்துச்சு, நன்றி. சைக்கிள் பஞ்சரானது பஞ்சர் கடைக்குப் பக்கத்துலயே, நன்றி. மாவு புளிக்கலை, நன்றி."

ஒரு நாள் கிருபாகரன் கேட்டேவிட்டான். "மாவு புளிக்காததுக்கெல்லாமா எல்டர்? அவருக்கு வேற வேலை இல்லையா?"

"புளிச்சிருந்தா நீதானே முதல்ல முகத்தைச் சுளிச்சிருப்பே" என்றான் எசேக்கியல்.

கிருபாகரன் இதற்காக வியாசர்பாடியிலிருந்து வரவில்லை. ஒரு குடும்பமாவது தன் கையால் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று வந்தவன். பாவம், பேசப் போன இடமெல்லாம் "அப்புறம் பாக்கலாம் தம்பி"தான். கடைசியில் கிடைத்தவர் ஆட்டோ ஓட்டும் சென்னியப்பன்.

சபையில் குடி கூடாது, டீயும் கூடாது என்றதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "குடியைக் கூட உட்டுரலாமுங்க தம்பி. டீயை எப்படீங்க உடறது?"

ஆனாலும் இரண்டையும் விட்டார். வாரக்கணக்கில் விட்டார். வருகிற ஞாயிறு மனைவி பூங்கொடியோடு ஆராதனைக்கு வருவதாகவும் வாக்குக் கொடுத்தார். கிருபாகரனுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமைதான் வீட்டுக்குப் பேசும் நாள். "அடுத்த வாரம் நல்ல சேதி சொல்றேம்மா" என்று அம்மாவிடம் வேறு சொல்லிவிட்டான்.

அது மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச நாள். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. சென்னியப்பன் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டே கிருபாகரன் உபவாசம் இருந்தான். முன் வரிசையில் இரண்டு நாற்காலி பிடித்து வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான். பாட்டு முடிந்தது. அப்பமும் தண்ணீரும் கொடுத்து முடிந்தது. அவர் வரவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் கிருபாகரன் யாரிடமும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்தான். எசேக்கியல் இரண்டு பேர் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

"என் பின்னாடி வராதீங்க எல்டர்."

"வராம? துணையை விடக் கூடாதே."

பஸ் ஸ்டாப்பில் கிருபாகரன் பொத்தென்று உட்கார்ந்தான். ஜனங்கள் பார்க்கப் பார்க்க அழுதான்.

"நாளைக்கு அம்மாகிட்ட சொல்லப் போறேன். நான் வீட்டுக்கே போறேன். சபையில எல்லாரும் சிரிக்கட்டும், பரவாயில்லை. எதுக்கு இங்க இருக்கணும்? ஒரு ஆசீர்வாதம், ஒரே ஒண்ணு காட்டுங்க பாக்கலாம். குழாத்தண்ணி, மாவு எல்லாம் வேண்டாம்."

எசேக்கியல் இரண்டு பையையும் கீழே வைத்தான். அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்தான்.

"வா, சென்னியப்பண்ணன் வீட்டுக்குப் போவோம்."

"எதுக்கு? ஏன் வரலைன்னு சண்டை போடவா?"

"வரலையே. போய்ப் பாக்க வேண்டாமா?"

சென்னியப்பன் வீட்டு வாசலில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சவாரி வந்துருச்சுங்க தம்பி, அதான்..."

எசேக்கியல் ஏன் என்றே கேட்கவில்லை. டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினான். சட்டைக் கையை மடித்தான். துணியை எடுத்து முன் சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான்.

கிருபாகரன் அவன் காதோரம் கிசுகிசுத்தான். "எல்டர், ஞாயித்துக்கிழமை. வேலை செய்யக் கூடாது."

"இது வேலையா?" என்றான் எசேக்கியல். "பின் சக்கரத்தைப் பாரு."

வேறு வழி? துணையை விட்டுப் போகவும் முடியாது. கிருபாகரன் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் போனான். வயிறு கிள்ளியது. வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. சென்னியப்பன் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. அவரும் வாளியோடு கிருபாகரன் பக்கத்தில் வந்து குந்தினார்.

இருவரும் ஒரே சக்கரத்தைத் தேய்த்தார்கள்.

"சவாரியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி" என்றார் திடீரென்று. "நேத்து குடிச்சுப்போட்டேன். காத்தால பூங்கொடி புதுச்சேலையெல்லாம் கட்டிட்டுத் தயாரா நின்னா. நான்தான் இந்த வாயோட எப்படி வர்றதுன்னு படுத்துக்கிட்டேன். உங்க மூஞ்சியில முழிக்கவே வெக்கமா இருக்குதுங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க. உங்களுக்கு வேற நல்ல ஆளாக் கிடைப்பாங்க."

சொல்லிவிட்டு வாளிக்குள் பார்த்துக்கொண்டார். கிருபாகரன் தேய்ப்பதை நிறுத்தினான். ஏமாற்றிவிட்டார் என்றல்லவா மனதுக்குள் இத்தனை நேரம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தான்!

"அண்ணா" என்றான். "நானும் இன்னைக்கு ஓடிப்போகத்தான் பாத்தேன். ரெண்டு வருஷம்னு ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டு வந்தவன். நாளைக்கு ஊருக்குக் கிளம்பறதா இருந்தேன்."

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "நீங்களுமா?"

"ஆமாண்ணா."

"அட!" அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒண்ணு பண்ணலாமுங்களா? இந்த வாரம் நீங்க ஊருக்குப் போகாதீங்க. நானும் இந்த வாரம் தொடாம இருந்து பாக்கறேன்."

"அடுத்த வாரம்?"

"அது அப்பப் பாத்துக்கலாமுங்க."

கிருபாகரன் ஈரக்கையை நீட்டினான். அவர் பிடித்துக்கொண்டார். எசேக்கியல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அறையில் உபவாசம் முடித்தார்கள். தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். கிருபாகரன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

"அவர் குடிச்சது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா எல்டர்?"

"தெரியாது."

"நான் அழறப்ப ஒண்ணு கேட்டேனே. ஒரே ஒரு ஆசீர்வாதம் காட்டுங்கன்னு. அதை நீங்க காட்டவே இல்லை."

எசேக்கியல் தட்டை வழித்துக்கொண்டே சொன்னான்:

"நீ ரயிலை விட்டு இறங்கின அன்னைக்கு, இந்த ஊர்ல உனக்கு ஒருத்தரையும் தெரியாது, ஏதோ ஒரு குடும்பம் கிடைச்சாப் போதும்னு இருந்தே. இன்னைக்கு ஒரு ஆட்டோக்காரர் வரலைன்னு நடுரோட்டுல உட்கார்ந்து அழுதே. இதுக்கு மேல என்னத்தைக் காட்டறது?"