பதினேழு பாக்கெட்

"பாதி வரைக்கும் வெள்ளை ஏறுது, டீச்சர். அதுக்கு மேல நகர மாட்டேங்குது."

பால்ச்சாமி வந்ததும் வராததுமாக இதைச் சொன்னார்.

முப்பது வருஷம் குமுளி மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். கொட்டும் மழையில் கொண்டை ஊசி வளைவில் நடுங்காத கை, இப்போது சோளம் அடைத்த ஒரு பாலிதீன் பாக்கெட்டைத் தூக்கினால் நடுங்குகிறது. பயத்தின் புத்தி அப்படி. பெரிய இடத்தையெல்லாம் விட்டுவிட்டுச் சின்ன இடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்காரும்.

தமயந்தி டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். சின்னமனூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் காளான் வித்து தயாரிக்கிறார். பால்ச்சாமி ஒரு மாதம் அங்கே வந்து தொழில் கற்றுக்கொண்டு போனவர்.

வித்து என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. வேகவைத்த சோளத்தைப் பாக்கெட்டில் அடைத்து, குக்கர் ஆவியில் கிருமி நீக்கி, ஏற்கெனவே தயாரான தாய் வித்தில் கொஞ்சம் போட்டுப் பஞ்சால் வாயை அடைத்து வைக்க வேண்டும். காளானின் வெள்ளை இழை சோளம் முழுக்க ஏறினால் வித்து தயார். அதை வைக்கோலில் கலந்து படுக்கை கட்டித் தொங்கவிடலாம். நடுவில் பச்சைப் பூசணம் புகுந்தால் எல்லாம் போச்சு.

ஒருமுறை போயும்விட்டது. பால்ச்சாமி போன தடவை கொடுத்த வித்தை வாங்கி, ஊர்ப் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரே கொட்டகையில் படுக்கை கட்டினார்கள். அத்தனையும் பச்சையாகிப் போனது. அவர்களில் முத்துப்பேச்சிதான் எல்லாப் படுக்கையையும் தனியாளாகச் சுமந்துபோய்ப் புதைத்தாள். மற்றவர்களைத் தொடக்கூட விடவில்லை. பால்ச்சாமியை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு தடவை பாப்போம்ணே" என்று மட்டும் சொன்னாள்.

இந்தத் தடவையும் கெட்டால் ஒன்பது பேரும் காளானைத் தலைமுழுகிவிடுவார்கள். வைக்கோல் நறுக்கி வைத்தாயிற்று. நாளைக் காலையில் வித்து வாங்க வருகிறார்கள்.

"சோளத்தை எவ்வளவு நேரம் வேக வச்சீங்கண்ணே?"

"ஒன்றரை மணி நேரம்."

"நான் அரை மணி நேரம்தானே சொன்னேன்?"

"கிருமி சாகணுமேன்னு..."

"அது குக்கர்ல சாகும். சோளம் குழைஞ்சா வெடிச்சுத் தண்ணி விடும். வாய்ல பஞ்சு வச்சீங்களா?"

"வச்சேன். அதுக்கு மேல பிளாஸ்டிக் தாள். அதுக்கு மேல டேப்."

"எத்தனை சுத்து?"

"நாலு."



"மூக்கைப் பிடிங்க. வாயையும் மூடிக்கங்க."

பிடித்துக்கொண்டார். டீச்சர் திரும்பி, பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்ற ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் ஊற்றினார். டம்ளர் பாதி நிரம்புவதற்குள் பால்ச்சாமி கையை எடுத்துவிட்டு வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார்.

"உங்களுக்கும் பாதி வரைக்கும்தான் வருது" என்றார் டீச்சர்.

பால்ச்சாமி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இடையில பாக்கெட்டைக் குலுக்கி விட்டீங்களா? குலுக்கினாத்தானே வெள்ளை எல்லாப் பக்கமும் பரவும்?"

"இல்ல டீச்சர். இழை அறுந்துடுமேன்னு விட்டுட்டேன்."

அது பாதிதான் உண்மை. பால்ச்சாமிக்கு அது தெரியும்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

வெளியே வரும்போது அவர் கண் மறுபடியும் டீச்சரின் பாக்கெட் அடுக்கில் பட்டது. பாதியில் நின்றது, அடியில் மஞ்சள் தண்ணீர் கட்டியது எல்லாம் வாசலைப் பார்த்து முன்வரிசையில் இருந்தன. நல்லவை பின்னால் இருந்தன. முதல் நாளே அவருக்கு இது உறுத்தியது. வருகிறவர் கண்ணில் முதலில் கெட்டதா பட வேண்டும்? தன் அறையில் இப்படி அடுக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்திருந்தார்.

பால்ச்சாமியின் அறையில் அறுபது பாக்கெட். ஒவ்வொன்றும் தன் வெள்ளையை வாசலுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

"என் ரூமை விட உங்க ரூம் அழகா இருக்குண்ணே" என்றபடி டீச்சர் ஒரு பாக்கெட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க டீச்சர்!"

அலறல் மாதிரி வந்துவிட்டது. பால்ச்சாமிக்கே வெட்கமாகப் போயிற்று.

டீச்சர் கையை எடுத்துக்கொண்டார். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அடுக்கைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே எங்கோ ஒரு ஆடு கத்தி ஓய்ந்தது. பிரேக் பிடிக்காத வண்டியில் இறக்கத்தில் போனபோதுகூடப் பால்ச்சாமி இவ்வளவு பயந்ததில்லை.

"எத்தனைண்ணே?"

"பதினேழு."

ஒரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்காமல் சொன்னார்.

"எப்ப இருந்து?"

"ஆறு நாளா."

"திருப்புங்க."

எது எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கை நேராகப் போனது. சுவர்ப் பக்கம் மிளகளவு இருந்த பச்சை, இந்த ஆறு நாளில் கட்டைவிரல் அகலம் ஆகியிருந்தது. ஒன்றில் உள்ளங்கை அகலம்.

பதினேழையும் பிரிக்காமல் சாக்கில் போட்டு, தள்ளியிருந்த வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். மீதி நாற்பத்துமூன்றுக்கும் டேப்பையும் தாளையும் உரித்துவிட்டுப் பஞ்சை மட்டும் விட்டார்கள்.

"இப்ப குலுக்குங்க."

குலுக்கினார். இழை உடைந்து, வெள்ளை கலைந்து, ஒவ்வொரு பாக்கெட்டும் மறுபடி வெறும் சோளமாகத் தெரிந்தது. நாளைக்குக் காட்ட ஒரு வெள்ளைகூட மிச்சமில்லை.

"எட்டு நாள்ல ஏறும்" என்றார் டீச்சர். "ஏறாதது அப்பத் தெரிஞ்சிடும்."

"அந்தச் சாக்கை இப்பவே அவிச்சுப் புதைச்சிடுறேன் டீச்சர்."

"நாளைக்குச் சாயங்காலம் புதைங்க."

"ஒரு நாள் எதுக்கு வச்சிருக்கணும்?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவங்க காலையிலதானே வர்றாங்க?"

மறுநாள் காலையில் ஒன்பது பேரும் பையோடு வந்தார்கள். பால்ச்சாமி அவர்களை அறைக்குக் கூட்டிப்போகவில்லை. வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். சாக்கிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து, பச்சை தெரியும்படி தரையில் வரிசையாக வைத்தார். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"இந்தத் தடவை கெட்டது இவ்வளவு. உள்ள இருக்கிறதுக்கு இன்னும் எட்டு நாள் ஆகும். அதுலயும் கொஞ்சம் தேறாம போகலாம். ஆறு நாளா எனக்குத் தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு."

ஒருத்தி பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

முத்துப்பேச்சி மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து, முதல் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன தடவை என் படுக்கையிலயும் மொதல்ல இம்புட்டூண்டுதாண்ணே இருந்துச்சு."

பால்ச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப?"

"ரெண்டாம் நாளே."

போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

முத்துப்பேச்சி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"செவுத்துப் பக்கமாத் திருப்பி விட்டுட்டேன்."