கணவாய் தெளித்த மை

அந்தக் காலத்தில், பறவையும் மீனும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, கடற்காகக் குஞ்சுகள் முட்டையை விட்டு வரும்போதே நுரை மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு மணல்தீவில் சாம்பல்முதுகுக் கடற்காகங்கள் கூட்டமாகக் குடியிருந்தன. அதில் நுரைச்சி பொரித்த ஒற்றைக் குஞ்சு மட்டும் உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளியாகப் பிறந்தது.

பார்த்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. இந்தப் பக்கம் வந்து ஒரு கண்ணால் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் போய் மறு கண்ணால் பார்ப்பார்கள்.

"காலு நம்ம காலுதான். முதுகுதான் இடிக்குது" என்றாள் சிப்பியம்மா, கூட்டத் தலைவன் கோணமூக்கனின் பெண்சாதி.

"அக்கரையில இருக்கிற பழுப்புத்தலைக் கூட்டத்துக்காரன் சாயல் அப்படியே இருக்கு" என்றான் கோணமூக்கன். "ஏ நுரைச்சி, இதுக்கு அப்பன் யாரு?"

"அக்கரையில நான் கட்டிக்கிட்டவருதான். புயல்ல போயிட்டாரு. தலை பழுப்புன்னா என்ன, உங்க மீனையா பிடுங்கித் தின்னாரு?"

"பார்த்தீங்களா, அவ வாயாலேயே வந்துருச்சு! இன்னிக்கு ஒரு குஞ்சு, நாளைக்கு அவனுங்க கூட்டமே வந்து உக்காரும். சாயங்காலம் வந்ததும் அந்தப் புள்ளிக்காரனைக் கொத்திக் கடல்ல தள்ளிடுறேன்."

எல்லாரும் தங்கள் குஞ்சுகளை மணலில் விட்டுவிட்டு இரை தேடப் போனார்கள். நுரைச்சி போகவில்லை. தப்பிப் பறக்கலாமென்றால் குஞ்சுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. வெள்ளை மணலை அள்ளிப் பூசினாள், உதிர்ந்தது. சுண்ணாம்பாட்டம் இருந்த எச்சத்தைப் பூசினாள். "சீ, நாறுதும்மா" என்று குஞ்சு உதறிவிட்டது.

இதை வெள்ளையாக்க முடியாது. மற்ற குஞ்சுகளையெல்லாம் இது மாதிரி ஆக்கிவிட்டால்? நீர் வற்றிய குட்டையில், மை கக்கும் கணவாய் மீன் ஒன்று மாட்டிக்கிடந்தது. அதனிடம் ஓடினாள்.

"அக்கா, உன்னைக் கடல்ல விடுறேன். உன் மையைக் கொஞ்சம் குடு."

"கடல்லயா, வயித்துலயா? உன் அலகை நம்பி நான் வரணுமாக்கும்!"

"பசிதான், பொய் சொல்லல. ஆனா சாயங்காலம் என் புள்ளையைக் கொன்னுடுவாங்க."

கணவாய் வெகுநேரம் அவள் அலகையே பார்த்தது. பிறகு மெல்ல ஒரு கையை நீட்டியது. நுரைச்சி கவ்விக்கொண்டு குஞ்சுகளின் தலைக்கு மேலே பறந்தாள். ஒன்று விடாமல் மை தெறித்தது. சொன்னபடியே கணவாயைக் கடலில் விட்டாள். தன் குஞ்சை மற்றதுகளின் நடுவே தள்ளி, "வாயைத் திறக்காதே" என்றாள். வெயிலில் மை காய்ந்து பழுப்பாயிற்று.

கூட்டம் திரும்பியது. தீவு முழுக்கப் புள்ளிக் குஞ்சுகள். கோணமூக்கன் முன்னால் நின்ற ஒன்றின் மேல் அலகை ஓங்கினான்.

"ஐயையோ, நிறுத்துங்க! அது நம்ம புள்ள மாதிரி இருக்கு" என்று பாய்ந்தாள் சிப்பியம்மா.

"மாதிரியா? நிச்சயமாச் சொல்லு!"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த குஞ்சிடம் போனான். அங்கே இன்னொரு தாய் சிறகை விரித்து மூடிக்கொண்டாள்.

"உன் குஞ்சு எதுடி?" என்று நுரைச்சியிடம் கத்தினான்.

"சாயல் பார்க்கிறதுல நீங்கதான் கெட்டிக்காரராச்சே. நீங்களே கொத்திக் காட்டுங்க."

ஓங்கிய அலகு கீழே இறங்கவில்லை.

அன்று தெறித்த மையால்தான், எந்த இனத்துக் கடற்காகமானாலும் குஞ்சுப் பருவத்தில் பழுப்புப் புள்ளியோடு இருக்கிறது. தானாகப் பறந்து, தன் மீனைத் தானே பிடிக்கத் தெரிந்த பிறகுதான் அதன் சொந்த நிறம் வெளியே தெரிகிறது.