மூக்கு நிமிர்த்தப்பட்ட தேன்சிட்டு

“டீச்சர், இந்தப் படத்துல இன்னும் என்னதான் குறை?”

டாக்டர் குழந்தைவேலு லேப்டாப்பை மேசைமேல் வைத்த வேகத்தில், பக்கத்திலிருந்த டீ டம்ளர் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தது.

தமயந்தி டீச்சர் எட்டிப் பார்த்தார். பொள்ளாச்சியில், தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தோட்டத்தில், பறவைப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறவர். வயதில் டாக்டருக்கு மகள் மாதிரி. ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் அவர்தான் குரு.

படத்தில் செம்பருத்திமேல் ஒரு தேன்சிட்டு. பின்னால் பனிமலை.

“பனிமலை எங்கிருந்து வந்துச்சுங்க?”

“உங்க வீட்டுத் துவைக்கிற கல்லு தெரிஞ்சுது. எடுத்துட்டேன்.”

“பொள்ளாச்சிக் குருவியைக் கொண்டுபோய்ப் பனியில விட்டிருக்கீங்க. ஒரு ஸ்வெட்டராவது போட்டுவிட்டிருக்கலாம்.”

“கிண்டல் பண்ணாதீங்க, டீச்சர். கண்ணு வீங்க வீங்க உட்கார்ந்து எடிட் பண்ணியிருக்கேன்.”

“இலையில ஓட்டை இருந்துச்சே?”

“அடைச்சுட்டேன்.”

“இதழ் ஒண்ணு சுருங்கியிருந்துச்சே?”

“நீவி விட்டுட்டேன்.”

“எறும்பு?”

“அதை ஏன் கேக்கறீங்க? ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன்.”

டீச்சர் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

“டாக்டர், மூக்கு?”

“மூக்குக்கு என்ன?”

“நேரா இருக்கு.”

“ஆமா. கோணலா இருந்துச்சு. நிமிர்த்திட்டேன்.”



டாக்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோணல் பல்லுக்குக் கம்பி கட்டி நிமிர்த்துவதே பிழைப்பாக இருந்தவர். அவர் கிளினிக் நடத்திய காலத்தில், அந்தத் தெரு வழியாகப் போகிற மாடுகூட வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் போகும். பார்த்தால் பிடித்து உட்கார வைத்துவிடுவார் என்று அதற்கும் தெரியும்.

ஒரு நாள் கை நடுங்க ஆரம்பித்தது. குறடை எடுத்தால் குறடு தாளம் போட்டது. கிளினிக்கைப் பூட்டினார்.

ஊர் சும்மா இருக்குமா? ‘டாக்டருக்குக் கை போயிருச்சு’ என்றது. டீக்கடையில் சொன்னது, கல்யாண வீட்டில் சொன்னது, அவர் நிமிர்த்திக் கொடுத்த அதே பல்லைக் காட்டிச் சொன்னது.

அந்த வாயை எல்லாம் அடைக்க அவருக்கு ஒரே ஒரு படம் வேண்டும். கொஞ்சமும் ஆடாத படம். ஊரே பார்க்க வருகிற மலர்க் கண்காட்சியில் டீச்சர் பொறுக்கிக் கொடுக்கிற படங்களைத்தான் மாட்டுவார்கள். இன்றைக்குத்தான் பொறுக்குகிற நாள்.

“இந்த மூக்கை வெச்சுக்கிட்டு அது எப்படித் தேன் குடிக்கும்?” என்றார் டீச்சர்.

“ஸ்ட்ரா போட்டுக் குடிக்கட்டும்! படத்துல இருக்கிற குருவிக்கு எதுக்குங்க தேன்? படம் ஷார்ப்பா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லுங்க.”

“இருக்கு. அந்த மூக்கால சாக்கே தைக்கலாம்.”

“அப்ப கண்காட்சிக்கு எடுத்துக்கறீங்க.”

“இல்லை.”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தலையும் சேர்ந்து ஆடியது.

“கை வைக்காத படம் ஒண்ணு காட்டுங்க” என்றார் டீச்சர்.

“எல்லாத்தையும் அழிச்சுட்டேன்.”

“ஏனுங்க?”

“ஏனா? எல்லாம் கை ஆட்டம்! ஒரே ஒரு குருவியை எடுத்தா, அது பொண்டாட்டி பிள்ளையோட வந்து விழுது.”

“அப்ப இப்ப ஒண்ணு எடுங்க.”

டாக்டர் முக்காலியை விரித்தார். கேமராவை மாட்டினார். கேமரா அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால், காற்றில் செம்பருத்தி ஆடிக்கொண்டிருந்தது.

“இது வேற!” என்று பல்லைக் கடித்தார்.

சட்டைப் பையிலிருந்து கம்பி எடுத்தார். பல்லுக்குக் கட்டுகிற அதே கம்பி. பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டார். செம்பருத்திக் கிளையை அதோடு சேர்த்து, சுற்றிச் சுற்றி முறுக்கினார். தோட்டமே ஆடியது. அந்தப் பூ மட்டும் பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி விறைத்து நின்றது.

தேன்சிட்டு வந்தது. துணி காயப்போடும் கயிற்றில் உட்கார்ந்து, தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தது, அப்படிச் சாய்த்துப் பார்த்தது. வெயிலில் கம்பி மினுங்கியது.

அந்தக் காலத்தில் கிளினிக் வாசல்வரை வந்துவிட்டு ஓடிய பிள்ளைகளை டாக்டர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இந்தக் குருவி பறந்த வேகத்தில் ஓடியது ஒன்றுகூட இல்லை.

“அவிழ்த்து விடுங்க, டாக்டர்.”

“ஆடும், டீச்சர்!”

“பூன்னா ஆடத்தான் செய்யும்.”

முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் கம்பியை அவிழ்த்தார். முறுக்கும்போது ஒத்துழைத்த விரல்கள் அவிழ்க்கும்போது காலை வாரின. கம்பி ஒரு பக்கம் இழுத்தது, விரல் ஒரு பக்கம் இழுத்தது.

சடக்.

கிளை, பூவோடு கையில் வந்துவிட்டது.

“பாருங்க! நல்லாப் பாருங்க! இந்தக் கைக்கு இதுதான் தெரியும். ஊர்ல சொல்றவனெல்லாம் சரியாத்தான் சொல்றான்!”

வீசுவதற்குக் கையை ஓங்கினார்.

“கீழ போடாதீங்க” என்றார் டீச்சர்.

“ஒடிஞ்சு போச்சுங்க!”

“ஒடிச்சது யாரு?”

“நான்தான்.”

“அப்ப நீங்கதான் பிடிக்கணும். செடி பிடிச்சிருந்த உயரத்துக்குப் பிடிங்க.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“செடிகிட்ட யாராவது அப்படி நேரம் சொன்னாங்களா?”

டீச்சர் முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தார்.

டாக்டர் நின்றார். நின்றபடியே திட்டினார். குருவியைத் திட்டினார். கேமரா கம்பெனிக்காரனைத் திட்டினார். படிக்க வந்த தன்னை இப்படிச் செடியாக்கி வைத்த டீச்சரை, மரியாதை குறையாமல் திட்டினார்.

“எத்தனை கலெக்டர் வாய்க்குள்ள விட்ட கை தெரியுமா இது?”

“பேசுனா குருவி வராதுங்க” என்றார் டீச்சர்.

“வந்துட்டாலும்!”

கை வலித்தது. வலிக்க வலிக்க ஆட்டம் கூடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். இப்போது இரண்டும் ஜோடி சேர்ந்து ஆடின. கிளையின் நுனியில் பூ, ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி மேலும் கீழும் போய்வந்தது.

திட்டுவதற்கு ஆட்களும் தீர்ந்துபோனார்கள். இடது கையை எடுத்துவிட்டார். எப்படியோ ஆடித் தொலை என்று வலது கையை அதன் போக்கில் விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

கயிற்றில் ஒரு சின்னச் சத்தம்.

பிறகு முருங்கைக் கிளையில்.

பிறகு, நம்பினால் நம்புங்கள், டாக்டரின் கையில் இருந்த பூவில்.

பூ ஆடியது. பூவோடு சேர்ந்து குருவியும் ஆடியது. அதற்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. நகத்தால் காம்பை ஒரு பிடி பிடித்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கி, வளைந்த மூக்கைப் பூவின் அடிப்பக்கத்தில் செருகியது. மூக்கின் வளைவும் பூவின் வளைவும் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்தன.

வாழ்நாள் முழுக்கப் பிறர் வாயைத் திறக்க வைத்தவர், தன் வாயைத் திறந்தபடி நின்றார்.

படியிலிருந்து டீச்சர் மெதுவாகக் கேமராவைத் தூக்கினார்.

“எடுக்கட்டுமா, டாக்டர்?”

டாக்டர் குருவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“கை ஆடறது படத்துல தெரியும்.”

“தெரியட்டும்” என்றார் டாக்டர், உதடு அசையாமல். “சத்தம் போடாதீங்க, டீச்சர். இன்னும் குடிக்குது.”