வெளிநாட்டில் வசிக்கப் போன பரோட்டா மாஸ்டர்கள்

கடல் தாண்டிய ஒரு தேசத்தில், தமிழர் ஹோட்டல் ஒன்றுக்குப் பரோட்டா போட மூன்று பேர் போய் இறங்கினார்கள். இசக்கிராசா, சங்கரபாண்டி, தவசிக்கனி. மூவருக்கும் ஊர் திசையன்விளை. மூளையிலும் ஒருத்தருக்கு ஒருத்தர் சளைக்காதவர்கள்.

குடியிருப்பு அட்டை இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றதும் இசக்கிராசாவுக்குக் கல்யாணக் கவலை வந்துவிட்டது. தன் மகள் வடிவைக் கட்டிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பொன்னையா, போனில் கறாராகச் சொல்லியிருந்தார்: "வெளிநாட்டு மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். அட்டை இல்லேன்னா நீரு வெறும் இசக்கிராசாதான் வே."

குடியேற்ற அலுவலகம் மாடியில் இருந்தது. அங்கே தமிழ் தெரிந்த ஓர் அம்மாள் விண்ணப்பங்களை நீட்டினார். "பேரு, ஊரு எழுதுங்க. கீழே இருக்கிற இடத்தை மட்டும் காலியா விட்டுடுங்க."

மூவரும் பேரை எழுதினார்கள். பிறகு படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனார்கள். வரிசையில் நின்றவர்களையும் டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளியையும் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். தீப்பிடித்துவிட்டதென்று மற்றவர்களும் தெருவுக்கு ஓடினார்கள்.

"காலியாயிட்டும்மா" என்றான் இசக்கிராசா, மூச்சிரைக்க.

அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு, போட்டோ கேட்டார். "சிரிக்காம எடுங்க. நேர்ல வரும்போது ஆளும் போட்டோவும் ஒரே மாதிரி இருக்கணும்."

போட்டோ வந்ததும் மூவரும் கவலையோடு அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஏல, இதுல நமக்கு நெஞ்சுக்குக் கீழே ஒண்ணுமே இல்லியே?"

"அப்படியே போனாத்தான் அட்டை கிடைக்கும்."

மறுநாள் ஒரு வேட்டியை நெஞ்சுக்கு நேரே விரித்துப் பிடித்தபடி, மூன்று உம்மென்ற முகங்கள் மாடியேறி வந்தன. அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. இசக்கிராசா வடிவை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிக்கவில்லை.

இவர்கள் இன்னொரு தரம் வந்தால் தாங்காதென்று அதிகாரி அன்றைக்கே அட்டைகளைக் கொடுத்துவிட்டார்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"வெளிநாட்டில் வசிப்பவர்னு போட்டிருக்கு. இனிமே இதுவும் உங்க நாடுதான். அட்டையில இருக்கிறபடி நடந்துக்கணும். இல்லேன்னா ஜெயில்தான்."

அறைக்கு வந்தும் சங்கரபாண்டிக்கு உறுத்தியது. "ஏல, இது நம்ம நாடுன்னா, வெளிநாடு எது?"

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கது" என்றான் தவசிக்கனி.

"திசையன்விளையா?"

"பின்னே?"

இசக்கிராசாவுக்கு வேர்த்துவிட்டது. "அடப்பாவிகளா! வெளிநாட்டுல வசிக்கோம்னு அட்டை வாங்கிட்டு இங்கன உக்காந்திருக்கோமே! போலீஸ் பாத்தா?"

கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார்கள்.

வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துப் பொன்னையா திகைத்தார். "வெளிநாட்டுல இருக்க வேண்டியவரு இங்க என்ன வே பண்ணுதீரு?"

"இதான் மாமா வெளிநாடு" என்று இசக்கிராசா அட்டையை நீட்டி, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினான்.

பொன்னையா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏ வடிவு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "பொறந்ததுல இருந்து நாம வெளிநாட்டுலதான் இருக்கோமாம்! ஒரு பய சொல்லலியே!"