மருதமரத்துச் சங்கிலி

ஆணைப்பாளையத்து ஆற்றில் பாலம் வராத காலம் அது. கோழி, கருப்பட்டி, கல்யாணப்பெண் எல்லாம் பரிசல்காரர் நாச்சிமுத்துவின் பரிசலில்தான் அக்கரை போக வேண்டும்.

ஆற்றில் அளவுகோல் நட்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, பதினைந்து அடி உயரத்தில் பாலம் கட்டினால் எந்த வெள்ளமும் தொடாது என்று முடிவு கட்டிவிட்டார் இன்ஜினியர் சிவகுருநாதன்.

"பத்தாதுங்க" என்றார் நாச்சிமுத்து. "எனக்கு ஆறு வயசுல வந்த வெள்ளம் இன்னொருக்கா வந்தா, பாலமும் போயிரும், மேல நிக்கிற சனமும் போயிரும்."

"பாலம் வந்தா உன் பொழைப்பு போயிடும். அதான் கதை அளக்கிறே. எழுத்துல ஆதாரம் இருக்கா?"

"இல்லீங்க. ஒரேயொரு உபகாரம் பண்ணுங்க. அந்த மருதமரத்துல எங்கய்யனோட பரிசல் சங்கிலி கெடக்குது. எத்தனை உசரம்னு உங்க மிஷின்ல பாத்துச் சொன்னா, ஏணி கட்டி எடுத்துக்குவேன்."

இன்ஜினியர் பார்த்தார். துருப்பிடித்த சங்கிலி, கிளையின் பட்டைக்குள் பாதி புதைந்திருந்தது. ஆற்றுமணலிலிருந்து இருபத்தாறு அடி என்று தன் கையாலேயே நோட்டில் எழுதினார். எழுதிவிட்டுச் சிரித்தார்.

"உங்கய்யனுக்கு என்ன பைத்தியமா? பரிசலைக் கட்ட யாராவது அவ்வளவு உசரம் மரம் ஏறுவாங்களா?"

"ஏறலீங்க." நாச்சிமுத்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னை மடியில வெச்சுக்கிட்டு, பரிசல்ல உக்காந்தபடியே கட்டினாருங்க."