ராஜா வாளும் மாசானத்தின் மண்வெட்டியும்

காண்டிராக்டர் செண்பகராமன் மண்ணுக்குள் இரும்பு இருந்தால் கத்தும் மிஷின் ஒன்றை வாங்கினார். தோப்புக் காவலாள் மாசானத்துக்கு இடுப்பு ஒடிந்தது. அது கத்துகிற இடமெல்லாம் அவன்தான் தோண்ட வேண்டும். ஆணியும் சோடா மூடியுமாக வந்துகொண்டிருந்த குழியில், அன்றைக்குத் துருவேறிய வளைந்த இரும்பு ஒன்று வந்தது.

"ராஜா வாள்லே இது! எந்த ராஜான்னு சாயங்காலத்துக்குள்ள விசாரிச்சுச் சொல்லு. இல்லேன்னா வேலைய விட்டுப் போ!"

சாயங்காலம் மண்வெட்டியும் கையுமாக வந்து நின்றான் மாசானம். "தாலுகா ஆபீஸ்ல கேட்டேன் மொதலாளி. ராஜா வாள்னா தோப்பையே வளைச்சுப் போட்டு அவங்களே தோண்டுவாங்களாம். காலையில வாராங்க."

செண்பகராமனுக்கு வேர்த்துக் கொட்டியது. "கூறுகெட்டவனே, அது எங்கப்பா தேங்காய் வெட்டுன அரிவாள்லே!"

"அப்படியே சொல்லிருதேன். மிஷினைப் பத்திக் கேட்டா?"

"எந்த மிஷினு?"

மாசானம் அப்போதுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தான்.